ஓடுற பிள்ளைக்கு வந்த வீல்சேர்

வீல்சேர் யாருக்குன்னுதானே கேட்டீங்க அக்கா? இவளுக்குத்தான். ஆமா, அந்தா டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி கம்பியில குரங்கு மாதிரி தொங்குறாளே, அவளேதான். என் பிள்ளைதான். பேரு தர்ஷிகா. ஏட்டி, கம்பியை விட்டுட்டு வந்து உக்காரு. வர மாட்டா.

இல்லக்கா, காலுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கிறதுதான் இப்பப் பிரச்சினையே.

ஏறும்போது கண்டக்டரும் இதைத்தான் கேட்டார். வீல்சேர் யாருக்கும்மான்னார். நான் தலையாட்டினேன். யாருக்குன்னு கேட்டா தலையாட்டுறியேம்மான்னு சொல்லிட்டு அவரே மடக்கிப் பின்னாடி தூக்கி வச்சார். நல்ல மனுசன். எதிர்ல நின்னு கேட்டுட்டார், அதான் எனக்குப் பேச்சு வரல.

நான் பொதுவா பேசுற ஆளு கிடையாதுக்கா. எங்க வீட்டுக்காரர் பொண்ணு பாக்க வந்தப்ப, பொண்ணுக்கு வாய் பேச வருமான்னு எங்க அண்ணன்கிட்ட கேட்டாராம். பேரே பேச்சியம்மாதான்னு அண்ணன் சொல்லியிருக்கு. அதை வச்சே முடிச்சிட்டாங்க. ஆனா பக்கத்துல உக்காந்தா நான் பேசிருவேன். மதினியும் நானும் பீடி சுத்தும்போது பாக்கணும். அவ மூஞ்சிய நானும் பாக்க மாட்டேன், என் மூஞ்சிய அவளும் பாக்க மாட்டா, கண்ணு ரெண்டும் இலையிலதான் இருக்கும், வாய் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டு வர்றீங்க பாருங்க, அது எனக்கு ரொம்பத் தோதா இருக்கு. எதிர்ல ஒருத்தர் உக்காந்து, நடுவுல ஒரு மேசையும் கிடந்துச்சுன்னா முடிஞ்சுது. நாக்கு மேல போய் ஒட்டிக்கும். அஞ்சாப்போட படிப்பை நிறுத்துனதும் அதனாலதான். ஆறாப்புக்குப் பெரிய ஸ்கூல் போனேன். ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் பேர் சொல்லுங்கன்னாங்க. மறுநாள்ல இருந்து போகல.

அது என் கதை, விடுங்க. இவ கதையைச் சொல்றேன்.

இவ ஒன்னாப்பு பூரா ஒரு வார்த்தை பேசலக்கா. நல்லா எழுதுவா, கணக்குப் போடுவா, வாயை மட்டும் தொறக்க மாட்டா. ஒண்ணுக்கு வந்தாக்கூடக் கேக்க மாட்டா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்துருவா. ஓடித்தான் வருவா, அதை ஞாபகம் வச்சுக்கோங்க. பியூலா டீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டுல பேசுவாளாம்மான்னு கேட்டாங்க. நான் சிரிச்சு வச்சேன்.

வீட்டுலயா? வீட்டுல இவ வாயை மூடணும்னா முறுக்கு வாங்கிக் குடுக்கணும். கோழியெல்லாம் வரிசையா நிறுத்தி அட்டெண்டன்ஸ் எடுப்பா, பியூலா டீச்சர் குரல்லயே. ஒரு சேவலுக்குத் தவசிக்கனின்னு பேரு வச்சிருக்கா. அது எட்மாஸ்டர் சார் பேரு. அந்தச் சேவலுக்குத்தான் திட்டு ஜாஸ்தி. ஆனா வெளியாளு யாராச்சும் இவளைப் பாத்துட்டா போச்சு. பேரென்ன பாப்பான்னு கேட்டுட்டாங்கன்னா அப்படியே கல்லு. கையும் ஆடாது, காலும் ஆடாது. யாரைக் கொண்டு பிறந்திருக்கான்னே தெரியலக்கா. இவ அப்பா கேரளாவுல கட்டட வேலை, அங்க நின்னு பேசினா இங்க கேக்கும், அப்படி ஒரு தொண்டை. எங்க பக்கத்துலயும் இப்படி யாரும் கிடையாது.

பியூலா டீச்சர்தான் ரெஜினா மேடத்துக்குச் சொன்னாங்க. அவங்க சிறப்பு டீச்சர். இந்த மாதிரி பிள்ளைகளைப் பாக்கிறதுக்குன்னே ஊர் ஊரா ஸ்கூட்டியில அலையிறவங்க. பேசாத பிள்ளைன்னா சும்மா அடம்னு விட்டுறக் கூடாது, முதல்ல டாக்டருங்க பாத்து என்ன தேவைன்னு சொல்லணும், அதுக்கு வருசத்துக்கு ஒரு முகாம் இருக்கு, பேச்சு டாக்டரும் வர்றார், கூட்டிட்டு வாங்கன்னாங்க. சரின்னு போனேன்.

பெரிய ஸ்கூல் ஹால்ல மேசை மேசையா போட்டிருந்தாங்க. கண்ணுக்கு ஒண்ணு, காதுக்கு ஒண்ணு, எலும்புக்கு ஒண்ணு, மூளைக்கு ஒண்ணு. பேச்சுக்கும் ஒண்ணு இருந்துச்சு, அதுல யாரோ டிபன் பாக்ஸை வச்சிருந்தாங்க. பேச்சு டாக்டர் வரல. அவருக்கு அன்னைக்கு வேற ஊர்ல டூட்டி போட்டுட்டாங்களாம். பேசாத பிள்ளைங்க எல்லாம் அந்த டிபன் பாக்ஸ் முன்னாடி வரிசையா உக்காந்திருக்கோம். அப்ப பெரிய மேடம் வந்தாங்க. முகாமே அவங்க பொறுப்புதான். பாத்துட்டு மைக்குல சொல்லிட்டாங்க, ஒரு பிள்ளைகூட டாக்டரைப் பாக்காம வீட்டுக்குப் போகக் கூடாது, எந்த வரிசை சின்னதா இருக்கோ அதுல போய் உக்காருங்கன்னு.

எலும்பு வரிசைதான் சின்னதா இருந்துச்சு.

நான் மட்டுமில்லக்கா. எனக்கு முன்னாடி இருந்த பொம்பளை மகனுக்குக் காது கேக்காது. அவளைக் கண்ணு வரிசைக்கு அனுப்பி, பையனுக்குக் கண்ணாடி போட்டு விட்டுட்டாங்க. கண்ணாடியில பையன் கலெக்டர் மாதிரி இருந்தான். அதனால அவ ஒண்ணும் கேட்டுக்கல.

எலும்பு டாக்டர் வயசானவர், நல்லாத்தான் பேசினார். இவளைப் பாத்து, நடந்து காட்டு பாப்பான்னார். இவ கல்லு. நிக்கவாச்சும் செய்யேன்னார். கல்லு. சின்னச் சுத்தியலை வச்சு முட்டியில தட்டினார். மத்த பிள்ளைகளுக்கு எல்லாம் கால் துள்ளுச்சு, இவ துள்ள விடல. எப்படிப் பிடிச்சு வச்சாளோ. டாக்டர் என் பக்கம் திரும்பினார். நடுவுல மேசை.

எப்ப இருந்தும்மா இப்படின்னு கேட்டு, பிறந்ததுல இருந்தேவான்னார். நான் தலையாட்டினேன். பேச்சைத்தானே கேக்கிறார்னு நெனச்சேன். தூக்கிட்டுத்தான் வந்தியான்னார். அதுக்கும் தலையாட்டினேன். அது நெசம்க்கா, அன்னைக்கு வரும்போது இவ செருப்பு வார் அந்துபோச்சு, தார் ரோடு கொதிச்சுது, இடுப்புல தூக்கித்தான் வந்தேன். டாக்டர் ச்சுன்னு சொல்லிட்டு என்னமோ எழுதினார். பக்கத்துல நின்ன ஒருத்தர் டேப்பை எடுத்து இவ முதுகையும் தொடையையும் அளந்தார். சட்டை தைக்கத்தான் அளக்கிறாங்கன்னு நான் நெனச்சேன். ரெஜினா மேடத்தைத் தேடினா, அந்தாண்ட சாம்பார் சாதப் பொட்டலம் பத்தலன்னு சண்டை, அவங்க அதுல மாட்டிக்கிட்டாங்க.

மழை விட்டதும் வேன்ல வந்து இறங்குச்சு இது. ஸ்கூலுக்கே கொண்டு வந்து, பேனர் கட்டி, மாலை எல்லாம் போட்டு. மாலை இவளுக்கு இல்ல, வீல்சேருக்கு. தவசிக்கனி சார் என்னைத் தனியா கூப்பிட்டார். நேத்துகூட என் கண்ணு முன்னாடி சுவரேறிக் குதிச்சாளேம்மான்னார். தலையாட்டினேன். சார் பேனரை ஒரு தடவை திரும்பிப் பாத்தார். பேர் போட்டு வந்திருச்சு, திருப்பி அனுப்பினா விசாரணை வரும், ஓடுற பிள்ளையை ஏன் அனுப்பினீங்கன்னு என்னைத்தான் கேப்பாங்க, யாராச்சும் பாக்க வர்ற அன்னைக்கு மட்டும் இவ இதுல உக்காரட்டும்னார். அவரும் ரிட்டயர் ஆகப் போறார், பாவம்.

ஆனா ஒண்ணு சொல்லணும்க்கா, இது வந்த பிறகு இவளுக்கு ஸ்கூல்ல தனி மரியாதை. முந்தி ஊமைச்சின்னு கூப்பிட்ட பிள்ளைங்க எல்லாம் இதைத் தள்ளுறதுக்கு வரிசையில நின்னுச்சு. யாரு தள்ளணும்னு இவ கண்ணாலயே சொல்லுவா. சத்துணவு அக்கா இவளுக்கு மட்டும் ரெண்டு முட்டை வைப்பா. வீட்டுக்குக் கொண்டு வந்தா மதினி இதுல உக்காந்துதான் பீடி சுத்துவா, முதுகுவலியே போயிருச்சுன்னா. தண்ணிக் குடம் வச்சுத் தள்ளுனேன் நானு. பொய் சொல்லக் கூடாது, ரொம்ப சௌகரியமான சாமான்.

அப்புறம் வீல்சேர் பிள்ளை இருக்கிற ஸ்கூல்னு சொல்லி சாய்தளம் கட்டிக் குடுத்தாங்க. சார் அத்தனை வருசமா கக்கூசுக்குத் தண்ணிக் குழாய் கேட்டுக்கிட்டு இருந்தார், அது வரல. சாய்தளம் வந்துருச்சு. பிள்ளைங்க எல்லாம் அதுல சறுக்கி விளையாடும். முதல் ஆளா சறுக்கினது யாருன்னு நெனைக்கிறீங்க?

இதோட நின்னிருந்தா பரவாயில்ல. காலுக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுக்க ஒரு தம்பி வீட்டுக்கே வர ஆரம்பிச்சுது. ஞானதுரைன்னு பேரு, இப்பத்தான் படிச்சு முடிச்ச பையன். பாயை விரிச்சு இவ காலை மடக்கும், நீட்டும், ஒன்னு ரெண்டு எண்ணும். இவ கல்லு மாதிரி படுத்திருப்பா. அந்தப் பிள்ளை வேர்க்க வேர்க்கச் செய்யும். நான் மோர் கொண்டு போய் வைப்பேன். சொல்லணும் சொல்லணும்னுதான் மோரோட போவேன். அந்தப் பிள்ளை நிமிந்து, என்னக்கான்னு கேட்டுரும். மோருன்னு சொல்லிட்டு வந்துருவேன்.

ஒரு நாள் தம்பி பையை மறந்துட்டுப் போயி, பாதி வழியில திரும்பி வந்துச்சு. அப்ப இவ தவசிக்கனியை விரட்டிக்கிட்டு ஓடுறா. சேவலைச் சொல்றேன். வேலியைத் தாண்டுனா பாருங்க, அந்தப் பிள்ளை வாசல்லயே உக்காந்து அழுதுருச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அக்கா, நான் படிச்ச படிப்பு வீண் போகலக்கான்னுச்சு. அப்படி அழுற பிள்ளைகிட்ட நான் என்னத்தைச் சொல்ல? நானும் அழுதேன்.

செய்தி மேல வரைக்கும் போயிருச்சு. மூணு மாசப் பயிற்சியில நடக்காத பிள்ளை வேலி தாண்டுதுன்னு. பெரிய மேடத்துக்கு ரொம்ப சந்தோசம். மாற்றுத்திறனாளிகள் விழா வந்துச்சு, மேடையில இவ வீல்சேர்ல இருந்து எந்திரிச்சு நடக்கணும், ஞானதுரை தம்பிக்குக் கேடயம் குடுக்கணும்னு ஏற்பாடு. வீட்டுல ஒத்திகை எல்லாம் பாத்தோம். வீட்டுல இவ எந்திரிச்சு நடந்து, நன்றியுரைகூடச் சொன்னா. அதை யாரும் சொல்லச் சொல்லவே இல்ல.

மேடைக்குப் போனோம். கீழே அத்தனை கூட்டம், எல்லாம் இவளையே பாக்குது. பெரிய மேடம் குனிஞ்சு, எந்திரிம்மா கண்ணுன்னாங்க. அவ்வளவுதான்.

கல்லு.

மேளக்காரங்க தயாரா நின்னவங்க, ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஞானதுரை தம்பி மூஞ்சி கறுத்துப் போச்சு. மேடம் மைக்கை என் வாய்க்கிட்ட நீட்டி, நீங்க சொல்லுங்கம்மா, நடந்தாளா இல்லையான்னாங்க. நான் தலையாட்டினேன். அது மைக்குல எப்படிக்கா கேக்கும்? முந்தி நடந்தா, இப்ப நடக்கலையான்னாங்க. அதுக்கும் தலையாட்டினேன். ரெண்டும் நெசம்தானே.

பாத்தீங்களா, வந்த குணம் திரும்பிப் போயிருச்சு, நரம்பு மறுபடி இறுகிருச்சுன்னு மேடத்துக்குப் பட்டுருச்சு. இனி பயிற்சி பத்தாது, இறுகுன நரம்பை இளக்கி விட ஆபரேஷன்தான், செலவெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், நீங்க கவலையே படாதீங்கன்னு என் தோளைத் தட்டிக் குடுத்தாங்க. கெட்ட எண்ணம் கிடையாதுக்கா, அவங்க கண்ணும் கலங்கியிருந்துச்சு.

அந்த ஆபரேஷனுக்குத்தான் இன்னைக்கு வரச் சொல்லியிருக்காங்க. பெரியாஸ்பத்திரிக்கு.

அப்படிப் பாக்காதீங்கக்கா, ஜன்னலைப் பாத்துக்கோங்க. நீங்க பாத்தா எனக்கு நின்னுரும்.

ஆபரேஷன் பண்ண விட்டுருவேனா? சொல்லத்தான் போறேன். போன வாரம் ரெஜினா மேடம் ஸ்கூலுக்கு வந்தாங்க. இவ சாய்தளத்துல சறுக்கி வந்து நேரா அவங்க காலுல மோதினா. மேடம் அப்படியே சாய்தளத்துலயே உக்காந்துட்டாங்க. ஐயோ, பேச்சுக்குன்னு கூட்டிட்டு வந்த பிள்ளையாச்சே இதுன்னு தலையில கைய வச்சிக்கிட்டாங்க. தவசிக்கனி சார் எல்லாத்தையும் கொட்டிட்டார். ரெஜினா மேடம் எழுந்து என் பக்கத்துல வந்தாங்க. நான் மேல சொல்லிப் பாக்கிறேன்மா, ஆனா ஆபீஸ்ல என் பேச்சு அவ்வளவு எடுபடாது, நடந்த பிள்ளைதான் மேடையில நிக்கலன்னு பெரிய மேடமே கண்ணால பாத்துட்டாங்க, நீ தாய், நீ சொல்லணும், என் பிள்ளைக்குக் கால் நல்லாருக்கு, பேச்சைப் பாருங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு, அதுக்கு மேல நான் பேசிக்கிறேன்னாங்க. பேச்சு டாக்டர் இன்னைக்கு அதே ஆஸ்பத்திரி மாடியிலதான் இருக்காராம். ஒரு மாடி ஏறினாப் போதும். கீழே நின்னுட்டா கத்தி, மேலே ஏறினா பேச்சு.

என் பிள்ளைக்குக் கால் நல்லாருக்கு, பேச்சைப் பாருங்க. ஒரு வாரமா சொல்லிச் சொல்லிப் பழகுறேன். இலையை வெட்டும்போது சொன்னேன், பாத்திரம் தேய்க்கும்போது சொன்னேன், தவசிக்கனியை நிறுத்தி வச்சுச் சொன்னேன், தண்ணி பொங்குற மாதிரி வருது. ஒரு மனுசரைப் பாத்துச் சொல்லத்தான் வரல. நேத்து மதினியை எதிர்ல உக்காத்தி, நடுவுல பீடித் தட்டை மேசையா வச்சுப் பாத்தோம். மதினிகிட்டயே வரலக்கா. அவளுக்குச் சிரிப்பு தாங்கல, தட்டைத் தட்டி விட்டு அத்தனை தூளும் கொட்டிப் போச்சு.

இந்தப் பையா? இதுல துண்டு, பிளாஸ்க், இவளுக்கு மாத்துத் துணி, ஒரு பெட்சீட். ஆஸ்பத்திரியில தங்குறதுக்கு. இல்லக்கா, சொல்லத்தான் போறேன். சொல்ல முடியாம போச்சுன்னா... பிள்ளை மாத்துத் துணி இல்லாம கஷ்டப்படக் கூடாதுல்ல.

நீங்க எங்க இறங்குறீங்க? கூட வந்து அந்த ஒரு வார்த்தையை நீங்க சொல்லிட மாட்டீங்களா? சரி, சரி, உங்களுக்கு ஜோலி இருக்கும். தாய்தான் சொல்லணும்னு ரெஜினா மேடமும் சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணு கேக்கிறேன் அக்கா, இந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசியிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா? எனக்கு நடக்க வரும்னு ஒரு வார்த்தை. எலும்பு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம், மேடையில சொல்லியிருக்கலாம். எல்லாம் இவ வாயைத் தொறக்காததால வந்த வினைதான். வேற யாரைக் குத்தம் சொல்ல?

ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துருச்சு. ஏட்டி, வா, பையைப் பிடி. எல்லாரும் திரும்பிப் பாக்கிறாங்க பாருங்க, வந்துட்டா கல்லாகி, என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு. கண்டக்டர் இறங்கி வீல்சேரை விரிச்சு வைக்கிறார். ஐயோ, பிள்ளையைத் தூக்க வர்றார். இந்தப் பாப்பாவுக்குத்தானாம்மான்னு கேக்கிறார், நான் என்னக்கா செய்ய, எனக்குத் தலை தானா ஆடுது. தூக்கிட்டார். உக்கார வைக்கப் போறார்.

அக்கா. கேட்டீங்களா?

கேட்டீங்களா இவ சொன்னதை? கண்டக்டர் இடுப்புல இருந்துக்கிட்டு, அத்தனை பேர் பாக்க, பியூலா டீச்சர் குரல்ல. "எங்கம்மாவை உக்கார வைங்க. அவங்களுக்குத்தான் வாய் வராது"ங்கிறா. பஸ்ஸே சிரிக்குது.

"விடுங்க சார். இறக்கி விடுங்க. என் பிள்ளைக்குக் கால் நல்லாருக்கு. அவ நடந்து வருவா."

அக்கா, இப்ப நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா? சத்தமாவா சொன்னேன்? அந்த மனுசன் மூஞ்சியைப் பாத்தா சொன்னேன்?

அப்ப நாங்க வர்றோம்க்கா. இந்தச் சூடு ஆறுறதுக்குள்ள போய்ச் சொல்லிடுறேன். ஏட்டி, மாடிப்படி எங்கேன்னு யாரையாச்சும் கேளு.